காய்ந்த பிறகே மணக்கும்

மருந்துக்கடையின் தள்ளுபடித் தட்டில்
ஒற்றையாய்க் கிடந்தது அந்தக் குப்பி.
நகச்சாயம். பீச் பழ வாசனையாம்.
ஐஸ்லாந்தின் இந்த மேற்கு மூலையில்
பீச் என்றால் தகர டப்பா,
சர்க்கரைத் தண்ணீரில் வழுக்கும் மஞ்சள் பாதிகள்.
அதன் மரம் எப்படி இருக்கும் என்று
யாரைக் கேட்டாலும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

குப்பியின் முதுகில் எறும்பளவு எழுத்தில் ஒரு வரி:
காய்ந்த பிறகே மணக்கும்.

வாங்கிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

நான் காட் மீன் அறுக்கிறவள்.
அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில்
சதையை விரித்து முள் தேடுகிறவள்,
புழு தேடுகிறவள்,
பதினேழு வருடமாக.
எலுமிச்சை, காப்பித்தூள், பற்பசை
எல்லாம் தேய்த்துப் பார்த்த கை இது.
வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்
திரும்பாமலே சொல்வார்:
"என்ன ஸ்டெய்ன்வோர், இன்று சீக்கிரமா?"

தொழிற்சாலைக் கதவில் பலகை:
மோதிரம் கூடாது. கடிகாரம் கூடாது.
நகச்சாயம் கூடவே கூடாது.
கையுறை மாட்டும் முன்
மேற்பார்வையாளன் ஹ்ரோல்ஃபுர்
பத்து விரலையும் எண்ணிப் பார்ப்பான்,
கடன் கொடுத்தவன் மாதிரி.

ஆக, கால்.

ஞாயிறு. மூன்று மணிக்கே இருட்டு.
ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து
முழங்காலை மடக்கி
கட்டைவிரலில் முதல் கோடு இழுத்தேன்.
பீச்சாவது ஒன்றாவது!
படகின் அடிப்பலகைக்குப் பூசுகிற பெயின்ட் நெடி.
கண்ணில் தண்ணீர்.
வீட்டைப் பங்கு போட்டிருக்கும் போஜேனா,
போலந்துக்காரி, உப்பிடும் பிரிவு,
கதவிடுக்கில் தலையை நீட்டினாள்:
"எதைக் கொளுத்துகிறாய்?"
காயட்டும், என்றேன்.

காய்வதற்கு இவ்வளவு நேரமா?
மீனை உலர்த்தும் ஊரில்
இதைக் கேட்கக் கூடாதுதான்.
விரலுக்கு விரல் பஞ்சு.
நடந்தால் வாத்து, உட்கார்ந்தால் மகாராணி.
அடுப்பில் காப்பி பொங்கியது.
மகாராணி எழுந்து போகவில்லை.

காய்ந்தது.
இப்போது மூக்குக்கும் காலுக்கும் நடுவில்
நாற்பத்தாறு வயது இடுப்பு.
குனிந்தேன், முழங்கால் படக்கென்றது.
படுத்துக் காலை இழுத்தேன்,
தொடை பிடித்துக்கொண்டது.
போஜேனாவைக் கேட்கலாம்.
ஒரே பாத்திரத்தில் சமைப்பது ஒரு சிநேகம்,
என் காலை மோந்து சொல் என்பது வேறு.
கேட்கவில்லை.

பூனை வந்தது.
தினமும் நான் கதவைத் திறந்ததும்
மணிக்கட்டு வரை நக்கித் தீர்க்கிற பூனை.
கடலையே பார்த்திராத அதற்கு
என் கைதான் கடல்.
கட்டைவிரலை மோந்தது.
தலையைத் தூக்கி
யார் நீ என்பது போல
ரொம்ப நேரம் பார்த்தது.
வாலை நிமிர்த்திக்கொண்டு போயே போய்விட்டது.

சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டேன்.
உருண்டதில் எப்படியோ
பாதம் முகத்துக்கு வந்து சேர்ந்தது.
ஒரே ஒரு மூச்சு.

டப்பா இல்லை, சர்க்கரைத் தண்ணீர் இல்லை.
பக்கத்து அறையில் யாரோ
எனக்குத் தெரியாத பழம் ஒன்றை
நறுக்கிக்கொண்டிருக்கிற மாதிரி.
அவ்வளவுதான்.
தொடை மறுபடியும் இழுத்துக்கொண்டது.

திங்கள், ஆறு மணி.
ஹ்ரோல்ஃபுர் பத்தையும் எண்ணினான்.
சரி, போ, என்றான்.
வெள்ளை ரப்பர் பூட்ஸ்,
அதற்குள் கம்பளிக் காலுறை, இரண்டு அடுக்கு,
அதற்கும் உள்ளே அவன் எண்ணாத பத்து.

பட்டை ஓடத் தொடங்கியது.
மீன், மீன், மீன்.
ஒரு முள் கூடத் தப்பவில்லை என் கையிலிருந்து.
காலை மட்டும் அவ்வப்போது
பூட்ஸுக்குள் அசைத்துக்கொண்டேன்.

தேநீர் இடைவேளையில்
போஜேனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
அவள் கை உப்பில் வெடித்து வெடித்து
வெள்ளையாய்க் கிடந்தது கோப்பையைச் சுற்றி.
சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அது மிச்சம் இருக்கிறதா?"